ஆவணியில் வந்து வன்னியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் எங்கள் வீட்டோடு ஒட்டி இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். இவர் வயல் பார்க்கிறார், சமையலும் அறைகளும் என் பொறுப்பு. தங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கனடா, லண்டன், சுவிஸிலிருந்து வருகிற எங்கட ஆட்கள். மிச்சம், யாழ்ப்பாணத்திலிருந்து அலுவலாக வருகிறவர்கள், ஆராய்ச்சி என்று வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள், எப்போதாவது சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒருவர். காலமை மேசையில் இவர்கள் கேட்கிற கேள்விகள்தான் என்னை இதை எழுத வைத்தன. "அக்கா, வன்னியை எப்பிடிப் பார்க்கிறது?" என்று கேட்கிறவர்களிடம் நீட்ட ஒன்று இருக்கட்டும்.

வருகிற ஒவ்வொருவரும் தனக்கென ஒரு வன்னியோடுதான் வந்து இறங்குகிறார். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துத் தொலைக்காட்சி. தமிழ்நாட்டுக்காரருக்கு மேடைப் பேச்சு. யாழ்ப்பாணத்தாருக்கு ஆனையிறவு தாண்டினால் காடு, யானை, மலேரியா. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழே கொடுத்துவிட்டது. ஆனாலும் யாழ்ப்பாணத்து அலுவலர் பையை வைக்க முன்னமே நுளம்பு வலையைத்தான் தேடுவார். நுளம்பு இருக்கிறது, வலையும் இருக்கிறது, மலேரியாதான் இல்லை.

இந்தப் படங்கள் எல்லாம், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் இறங்கின அரை மணித்தியாலத்தில் உடைந்துவிடும். காப்பெற் றோட்டு, வரிசையாக வங்கி, போன் கடை, பேக்கரி, நகைக்கடை. "இஞ்ச எல்லாம் நல்லாத்தானே இருக்கு!" என்பார்கள். எனக்கு முதலாவது படத்தைவிட இந்த இரண்டாவது படத்தில்தான் பயம். முதலாவது கேள்விப்பட்டது, அதை மாற்றலாம். இரண்டாவது கண்ணால் கண்டது, அதைப் பிடித்த பிடியில் விடமாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, ஏ9ஐ விட்டு இறங்குங்கோ. கிளிநொச்சி நகரம் றோட்டு ஓரமாக நீண்டு கிடக்கிற ஊர். றோட்டிலிருந்து குறுக்கே கொஞ்சத் தூரம் உள்ளே போனாலே கிரவல் பாதை, பூசாத சுவர், வாய்க்கால், மாடு என்று வேறு ஊர் தொடங்கிவிடும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குளிரூட்டிய வான் பிடித்து, யுத்தத்தில் விழுந்த தண்ணீர்த் தாங்கி இருந்த இடம், முள்ளிவாய்க்கால், நந்திக்கடல் என்று ஒரே நாளில் ஓடி முடித்துவிட்டு இரவு யாழ்ப்பாணத்தில் போய்ப் படுக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது வான் கண்ணாடியை.

கொழும்பிலிருந்து ரயிலில் வாங்கோ. 1990இல் நின்ற யாழ்தேவி 2013இல் கிளிநொச்சி வரைக்கும், அடுத்த வருஷம் யாழ்ப்பாணம் வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. முந்திப் பயந்து பயந்து நின்ற ஓமந்தைச் சோதனைச் சாவடியும் 2015இல் எடுத்தாயிற்று. றோட்டால்தான் வருவீர்கள் என்றால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் சாரதி தானாகவே நிற்பாட்டுவார். தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைத் தாண்டுகிற சாரதியை நான் காணவில்லை. அங்கே கச்சான் (வேர்க்கடலை) விற்கிற அம்மாக்களிடம் விலை பேசாதேங்கோ. பேசினால் குறைப்பார்கள், அதுதான் பேச வேண்டாம் என்கிறேன்.

பிறகு பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுங்கோ. முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று போகும். நின்றுகொண்டுதான் போக வேண்டி வரும். அந்த ஒரு பஸ் பயணம் எந்த வழிகாட்டியையும்விடக் கூடச் சொல்லும். விடியக்காலமை என்றால் ஆடைத் தொழிற்சாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற பஸ்கள் எதிரே வரும், நித்திரை முகத்தோடு யன்னலில் தலை சாய்த்தபடி. இங்கே எத்தனையோ வீட்டு அடுப்பு அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில்தான் எரிகிறது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள், மடியில் கோப்போடு.

எப்ப வருவது

பெரிய தப்பு நடக்கிற இடம் இது. எங்கட ஆட்கள் வருவது ஆவணியில், பள்ளிக்கூட விடுமுறை பார்த்து. ஆவணியில் வன்னி காய்ந்து கிடக்கும். சிறுபோக நெல் அறுத்து முடிகிற காலம். தண்ணீர் கிடைக்காத வயல்கள் வெடித்துப் போய், ஆடுமாடு மேய்ந்துகொண்டிருக்கும். அதைப் படம் எடுத்து, 'யுத்தம் தின்ற மண்' என்று கீழே எழுதிப் போடுவார்கள். ஐயோ பிள்ளை, அதை யுத்தம் தின்னவில்லை, வெயில் தின்றது. தை மாதம் அதே இடத்தில் வந்து நின்று பாருங்கோ, கண்ணுக்கெட்டின தூரத்துக்கு நெல் விளைந்து நிற்கும்.

வன்னியில் இருக்கிறவனுக்கு வருஷம் என்பது குளம்தான். இரணைமடு வட மாகாணத்திலேயே பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்து, வெள்ளைக்காரன் காலத்தில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியது. 2018இல் திருத்தி முடித்த பிறகு 36 அடி வரைக்கும் தேக்கலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில்தான் பெரும்போகம் விளைகிறது. மழை விட்ட பிறகு குளத்தில் எத்தனை அடி நிற்கிறதோ அதை வைத்துத்தான் சிறுபோகம். கச்சேரியில் கூட்டம் வைப்பார்கள். கமக்காரர் அமைப்புகள், நீர்ப்பாசனத் திணைக்களம், அரசாங்க அதிபர் எல்லாரும் இருந்து, இம்முறை இவ்வளவு ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று முடிவெடுப்பார்கள். குளம் நிரம்பாத வருஷம் எல்லாருக்கும் கிடைக்காது. இருக்கிற காணியில் ஒரு பங்கைத்தான் விதைக்கலாம். அந்தக் கூட்டத்தில் நடக்கிற வாய்ச்சண்டையை ஒருநாள் பார்த்தால், தேர்தல் கூட்டம் எல்லாம் ஒன்றுமில்லை.

ஆகவே இங்கே ஒருவரோடு பேச்சைத் தொடங்க வழி தெரியாமல் நின்றால், "குளத்தில இப்ப எத்தனை அடி?" என்று கேளுங்கோ. கடைக்காரர், சாரதி, பள்ளிக்கூட வாத்தியார், ஆரெண்டாலும் பதில் இருக்கும். பதிலோடு பசளை விலை, மில்காரன் நெல்லுக்குக் கேட்கிற விலை, மகனின் படிப்புச் செலவு எல்லாம் வரும். அறுவடை நேரத்தில் எல்லாரும் ஒரேயடியாக விற்க வெளிக்கிட, விலை விழும். வைத்து விற்கலாம் என்றால் வைக்க இடம் இல்லை, கடன்காரன் வாசலில் நிற்பான். றோட்டின் ஒரு பாதியில் நெல் காயவிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தச் சனத்துக்கு ஒரு ஒழுங்கும் இல்லை" என்று வானுக்குள் இருந்து சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். காயவிடத் தளம் இல்லாதவனுக்குச் சூடான தார் றோட்டைவிட நல்ல களம் எது? மறுபடி மழை இருட்ட முன்னம் அள்ளவும் வேண்டும்.

மார்கழியில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரணைமடுவின் வான்கதவு திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் தண்ணீர் ஏறும். 2018 மார்கழி வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, சனம் பள்ளிக்கூடங்களில் போய் இருந்தது. வன்னி என்றால் வறட்சி என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த நேரம் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

எப்பிடிக் கதைப்பது

பேரப்பிள்ளை வயதுப் பிள்ளை ஒன்று, நல்ல பிள்ளைதான், நான் தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரும்ப முன்னமே, "உங்கட வீட்டில ஆர் ஆர் செத்தவை?" என்று கேட்டது. கோபம் வரவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கோ: உங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் நாளே இப்பிடிக் கேட்பீர்களா? இங்கே எல்லாரிடமும் அந்தக் கதை இருக்கிறது. கேட்காமல் விட்டால் அவர்களே ஒருநாள் சொல்வார்கள், பெரும்பாலும் வேறு ஏதோ வேலை செய்துகொண்டிருக்கும்போது, மீன் வெட்டிக்கொண்டோ உழுந்து புடைத்துக்கொண்டோ. அப்போது கையில் போனை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருங்கோ. சொல்லவில்லையென்றால் அதுவும் அவர்கள் விருப்பம்.

இதற்காக, யுத்தம் முடிந்த கதை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற ஆட்களும் வருகிறார்கள், அவர்களுக்குத்தான் இது: கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியது 2017 மாசியில். பதில் கிடைக்காமலே கண்மூடின தாய்மார் பலர். கேப்பாப்புலவுச் சனம் தங்கள் காணிக்காகப் படைமுகாம் வாசலில் மாதக்கணக்காக இருந்ததும் அதே வருஷம்தான். போராடுகிற தாய்மாரைப் பார்க்கப் போனால் முதலில் இருங்கோ, இரண்டு வார்த்தை பேசுங்கோ. படம் எடுப்பதைக் கடைசியில், கேட்டு எடுங்கோ. மே 18இல் வந்தால் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். உப்பும் அரிசியும்தான். வாங்கினால் குடித்து முடியுங்கோ. அந்தக் கரையில் மணலுக்குள் கிடக்கிற எதையும் ஞாபகத்துக்கு என்று பொறுக்க வேண்டாம். அது ஆரோ ஒருவரின் சாமான். அதோடு, சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு மிதிவெடி என்று எழுதின இடம் கண்டால் பாதையை விட்டு ஓர் அடியும் வைக்காதேங்கோ. அகற்றுகிற வேலை முடிந்து தீரவில்லை. அந்த வேலைக்குப் போகிறவர்களில் எங்கள் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள்.

"சொந்த இடம் எது?" என்ற கேள்வியும் லேசானதில்லை. வன்னிச் சனம் என்று ஒரே சனம் கிடையாது. வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803இல் வெள்ளைக்காரனிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த காலத்துக்கு முன்னமிருந்தே இருக்கிற பழைய ஊர்க்காரர், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பரம்பரையாகக் கடமை செய்கிறவர்கள், ஒரு பக்கம். 1950களில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் ஓடிவந்தவர்கள் வேறு. இவர்களில் எத்தனையோ குடும்பத்துக்குக் காணி உறுதி இன்றைக்கும் இழுபறி. அதன் பிறகு இடம்பெயர்ந்து வந்து இங்கேயே நின்றுவிட்டவர்கள். இந்தச் சனத்திடம் போய், "யாழ்ப்பாணத்தில எவடம்? எந்தக் கோயிலடி?" என்று கேட்டால், நீங்கள் என்ன அறியப் பார்க்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். கனடாவில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே!

இளசுகளோடு கதைக்கும்போது நாங்களே வழிமாறிப் போகிறோம். யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கிரிக்கெட், ரிக்ரொக், ரியூசன், எப்பிடியாவது வெளிநாடு. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. அங்கே படிக்கிற சிங்களப் பிள்ளைகள் கடையில் வந்து உடைந்த தமிழில் கொத்து றொட்டி கேட்பார்கள். கிளிநொச்சியில் சிங்களம் காதில் விழுந்தாலே இராணுவம் என்று திரும்பிப் பார்க்கிற வெளிநாட்டுத் தம்பி ஒருவருக்கு, அந்தப் பிள்ளை கணக்குப் பாடத்தில் பெயில் விட்டுவிட்டு அழுதுகொண்டு நிற்பதை விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இராணுவ முகாம்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஊரில்தான்.

வீட்டையும் காசையும் பார்த்து ஏமாறாமல் இருக்க

கல்வீடு கண்டால் வசதி என்று எழுதிவிடாதேங்கோ. இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் சீமெந்தும் கம்பியும் மேசன் கூலியும் ஏறின வேகத்துக்கு அது பலருக்குப் போதவில்லை. தாலிக்கொடி அடகு, அதற்கு மேல் குழுக்கடன். கிழமைக் கடன் கட்டுகிற நாளில் கடன் சேர்க்கிற பெடியன் மோட்டார் சைக்கிளில் வருகிற சத்தம் கேட்டாலே சில வீடுகளில் கதவு சாத்துவார்கள். பூசாத சுவரும் யன்னல் இல்லாத ஓட்டையும் நிற்கிற வீட்டைக் கண்டால் சோம்பல் என்று நினைக்க வேண்டாம், கணக்கு அந்த இடத்தில் முடிந்திருக்கிறது.

2022 பொருளாதார நெருக்கடியில் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "சாப்பிடுறியளோ?" என்று அழுதாள். கொழும்புச் சனம் காலிமுகத்திடலில் இறங்கின பிறகுதான் அங்கே செய்தி. எங்களுக்கு அந்த வருத்தம் தொடங்கியது 2021 வைகாசியில், அரசாங்கம் ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிற்பாட்டினபோது. அந்தப் பெரும்போகம் விளைச்சல் விழுந்தது. சோறு இருந்தது. டீசல் இல்லை, வெட்டு மெசின் வரவில்லை. மீன்பிடிக்காரருக்கு மண்ணெண்ணெய் இல்லை, கிடைத்தபோது 87 ரூபாயிலிருந்து 340க்குப் போயிருந்தது. தொலைக்காட்சி காட்டின நாட்டில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நாங்கள் 90களின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த சனம், வரிசை எங்களுக்குப் புதிதில்லை.

நியாயத்துக்கு மற்றப் பக்கமும் சொல்ல வேண்டும். கனடாவைப் பற்றி இங்கே இருக்கிற படமும் இப்பிடித்தான். மச்சாள் இரண்டு வேலை செய்து, இருட்டில் போய் இருட்டில் வந்து, வீட்டுக்கடன் கட்டுகிறாள் என்று சொன்னால் ஊரில் ஆரும் நம்புவதில்லை. வந்து இறங்கும்போது போட்டுக்கொண்டு வருகிற சங்கிலியைத்தான் நம்புகிறார்கள். நீங்கள் உங்கள் சம்பளத்தையும் வாடகையையும் உடைத்துச் சொன்னால், எங்கட ஆட்களும் தங்கள் கடனை உடைத்துச் சொல்வார்கள். கதை அங்கேதான் சமமாகும்.

உதவ விருப்பமென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபரைக் கேளுங்கோ, என்ன தேவை என்று. தூர இடத்துப் பிள்ளைக்குச் சைக்கிள், பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத இடத்தில் ரியூசன் காசு, இப்பிடி ஏதாவது சொல்வார். றோட்டில் நிற்பாட்டிச் சொக்கிலேற் எறிவதும், கொப்பி கொடுக்கும்போது பிள்ளையை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். காணி வாங்கிப் பூட்டிவைத்துவிட்டுப் போகாதேங்கோ. அதனால் ஏறுகிற விலையில் இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குக் கால் பரப்புக் காணிக்கும் வழியில்லை.

தங்கும்போது

கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் உப்புச் சவர், குடிக்க வடிகட்டின தண்ணீர் வாங்குங்கோ. இரவில் முற்றத்தில் இறங்கினால் ரோச் லைற் கையில் இருக்க வேண்டும், பாம்பு. குளத்தில் இறங்கிக் குளிக்கிறேன் என்று வெளிக்கிட வேண்டாம், முதலை இருக்கிறது. யானை எங்கள் முற்றத்துக்கு வருவதில்லை. காட்டோரத்து ஊர்களில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் கேளுங்கோ, விடியவிடியக் காவல் இருந்தும் ஒரே இரவில் வயல் போன கதை சொல்வார்கள். உங்களுக்கு அது பார்க்க ஆசைப்படுகிற மிருகம், அவர்களுக்கு ஒரு போகம்.

சாப்பாட்டுக்கு ஜப்பான் மீன் குழம்பு வைப்பேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் 'திலாப்பியா' என்று முகத்தைச் சுளித்துவிட்டு இரண்டாம் முறை கேட்பார்கள். விரால் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். நந்திக்கடல் இறால் சீசனுக்கு வரும். ஆனி மாதம் என்றால் பாலைப்பழம், தின்றால் உதடு ஒட்டும். "வன்னி சொர்க்கம் அக்கா, எங்களுக்கு அங்க நிம்மதி இல்லை" என்பது பெரும்பாலும் இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பேச்சு. நான் மறுப்பதில்லை. விருந்தாளிக்குச் சமைக்கிற வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

வரும்போது பெட்டி நிறையக் கோடாலித் தைலமும் சவர்க்காரமும் அடுக்கிக்கொண்டு வராதேங்கோ, எல்லாம் பரந்தன் சந்தியில் விற்கிறது. அப்பு ஆச்சிமாருக்கு முழங்கால் பட்டி, சமைக்கிறவளுக்கு நல்ல கத்தி ஒன்று கொண்டுவந்தால் ஆயுளுக்கும் சொல்வார்கள். திரும்பிப் போகும்போது மொட்டைக்கறுப்பன் அரிசி, வறுத்த அரிசிமா, முறிகண்டிக் கச்சான் கொண்டு போகலாம். சட்டித் தயிரைப் பாதுகாப்புப் பரிசோதனையில் பறித்துவிடுவார்கள், அதை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கோ.